புதுப்பிப்பு: தோட்டா எடையில் ஒரு திருத்தம்

நெல்லையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைத் துப்பாக்கி கொண்டுபோவது பற்றிய போன பதிவில், "ரெண்டு பேர் போனா ஒரே பெட்டியில் 10 கிலோ தோட்டா வைக்கலாம்" என்று எழுதியிருந்தேன். அது தப்பு, மன்னிக்கணும். விமானத்தில் ஆளுக்கு 5 கிலோ, பெட்டி எடையும் சேர்த்து. இருவர் பங்கை ஒன்றாகக் கட்டவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் வரம்பு தனி: துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டா.

வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) ஏறி சென்னையில் மாறுகிறவர்கள் உள்நாட்டு விமான நிறுவனத்திடமும் முன்அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

துப்பாக்கியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோகத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் கேட்கும் எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தைக் கருப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்து மட்டும் அங்கே போலீஸ் அதிகாரி முன்னால்தான்.

முக்கியமாக, துப்பாக்கியில் பொறித்த எண்ணைத் துடைத்து, டார்ச் அடித்து, உரிமத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். எண்ணெய் அழுக்கு அடைந்தால் 3கூட 8 மாதிரி தெரியும். உரிமத்தில் பிழை இருந்தால் கிளம்பும் முன்பே உரிமம் கொடுத்த ஆபீசில் திருத்திவிடுங்கள்.