ஒரே ஒரு ரைஃபிள்தான் என்றால் எந்தத் தோட்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓசூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சூளகிரி பக்கம், வேலை ஓசூரில். நடுவில் ஐந்து வருடம் கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு, மிச்சிகன் மாநிலத்துக்கு அனுப்பியிருந்தது. போன வாரம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "மான், பன்றி, கரடி எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கிதான் வச்சுக்கலாம்னா எந்த போர் வாங்குவே?" போர் என்றால் துப்பாக்கிக் குழலின் அளவு, அதற்கேற்ற தோட்டா. இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்த கதை மனசை விட்டுப் போகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மிச்சிகனில் நவம்பர் 15 என்றால் நம்ம ஊர் மாரியம்மன் திருவிழா மாதிரி. அன்றுதான் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும், 30ஆம் தேதியோடு முடியும். பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. விசாவில் போனவர்கள் வேட்டை உரிமம் எடுத்திருந்தால்தான் துப்பாக்கி வாங்க முடியும். அந்த உரிமத்துக்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். இரண்டையும் முடித்துவிட்டுக் கடைக்குப் போனேன். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர், நாற்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர், ".30-06 எடு" என்றார். தேர்ட்டி ஆட் சிக்ஸ் என்று சொல்வார்கள். நான் கேட்கவில்லை. பலம் அதிகமாக இருந்தால் எதற்கும் ஆகும் என்று நினைத்து .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே ஒரே விட்டமுள்ள குண்டு. 180 கிரெயின் குண்டை, அதாவது ஏறக்குறைய 11.7 கிராம், .30-06 வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் தள்ளும். மேக்னம் 900 மீட்டர் வரை தள்ளும். அந்த 80 மீட்டருக்காக, சுடும்போது தோளில் வாங்கும் உதை கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். குறிபார்க்கும் மேடையில் உட்கார்ந்து இருபது தோட்டா சுட்டேன். ராத்திரி சட்டையைக் கழற்றினால் தோள் கன்றிப்போயிருந்தது. அதைவிட மோசம், என்னை அறியாமலே உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டது. விசையில் விரல் அழுந்தும்போதே கண் மூடும், தோள் முன்னால் பதறும்.

அந்த நவம்பர் 15, காலை ஏழரை மணி. பனி பெய்து நின்றிருந்தது. தொண்ணூறு மீட்டரில் ஒரு கிடா பக்கவாட்டில் நின்றது. அவ்வளவு கிட்டத்தில் யாரும் தவறவிட மாட்டார்கள். நான் பதறினேன். குண்டு நெஞ்சில் படாமல் பின்னால் வயிற்றில் பட்டது. முதுகு வளைந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு அது நடந்து போனதை இப்போதும் பார்க்கிறேன். வயிற்றில் பட்டால் உடனே பின்னால் போகக்கூடாது, துரத்தினால் மைல் கணக்கில் ஓடும், படுக்கவிட்டு சில மணி நேரம் கழித்துத்தான் போக வேண்டும் என்று பெரியவர் நிறுத்திவைத்தார். மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை பனியில் ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது. ராத்திரியே கொயோட்டிகள், நம்ம நரி மாதிரி ஒரு மிருகம், பாதி தின்றிருந்தன. பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேக்னத்தைக் கொடுத்துவிட்டு .30-06 வாங்கினேன். அது போதவில்லை, பயத்தை உடம்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கோடை முழுக்க .22 ரைஃபிளில் பழகினேன். அதில் உதையே தெரியாது, தோட்டாவும் மலிவு. அடுத்த வருடம் நூற்றுப்பத்து மீட்டரில் ஒரு கிடா. 165 கிரெயின் குண்டு, நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டது. நாற்பது தப்படிகூட ஓடவில்லை.

அப்புறம் டெக்சாஸில் இருக்கும் நண்பனோடு பன்றிக்குப் போனேன். அங்கே காட்டில் பெருகிவிட்ட பன்றியும் நம்ம காட்டுப்பன்றியும் ஒரே இனம்தான். 2019லிருந்து நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் போதும், பன்றிக்குத் தனி உரிமம்கூட வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். சோளத்தை அந்த அளவுக்கு அழிக்கிறது. அதே துப்பாக்கியில் 180 கிரெயின் போட்டேன். பன்றிக்கு இதயம் மானைவிடத் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. மானுக்குப் பார்ப்பதுபோல நடுத்தோளுக்குப் பார்த்தால் மேலே போய்விடும். அங்கே கற்றுக்கொண்டது அது.

.308 பற்றியும் கேட்பீர்கள். 1952இல் வந்த தோட்டா, .30-06க்கு ஒரு விரல்கடைதான் குறைவு, துப்பாக்கியும் சற்றுக் குட்டையாக இருக்கும். அதை வைத்திருப்பவரிடம் மாற்றச் சொல்ல மாட்டேன். .270, 6.5 கிரீட்மோர் இரண்டும் மானுக்கு அருமை. ஆனால் .30-06இல் 150 முதல் 220 கிரெயின் வரை எந்தக் கடையிலும் பெட்டி கிடைக்கும். 2020இல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் டவுன் கடையில் அலமாரி காலி. பக்கத்து வீட்டுக் கிழவர்தான் பரணிலிருந்து இரண்டு பெட்டி எடுத்துக் கொடுத்தார். 1906இல் வந்த தோட்டா அது. எல்லோர் பரணிலும் இருக்கிறது.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பாலக்கோடு ஹவில்தார்:

ஓசூர் தம்பி, படித்தேன். பதறுவது பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. பயிற்சிக்கு வரும் பையன்களில் பாதிப்பேருக்கு அந்த வியாதி இருக்கும். அவனுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெறும் தோட்டாவை நடுவில் ஒன்று போட்டுவிடுவோம். சத்தம் வராது, ஆனால் குழல் கீழே குனியும். அவனே பார்த்துவிடுவான்.

பட்டாளத்தில் நான் முதலில் 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள், கடைசியில் 5.56 இன்சாஸ் ரைஃபிள் பிடித்தவன். எஸ்.எல்.ஆரின் தோட்டாவும் தம்பி சொன்ன .308ம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம்ம நாட்டில் 7.62, .303 இரண்டும் தடைசெய்யப்பட்ட போர். சாதாரண ஆளுக்கு உரிமத்தில் கிடைக்காது. கிடைப்பது .315, .30-06, .22, அப்புறம் 12 போர் இரட்டைக்குழல். ராணுவத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் .303ஐத் தடுத்தான். அதற்கு மாற்றாக வந்ததுதான் .315. ஆஸ்திரியாக்காரர்களின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிஷர் தோட்டாதான் அது. சுதந்திரம் வந்த பிறகும் அதற்கான ரைஃபிளை இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்துவந்தார்கள்.

பென்னாகரத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவரிடம் .315 இருந்தது. உரிமம் அவர் அப்பா காலத்தது. 244 கிரெயின் குண்டு, கனம், வேகம் குறைவு. நூற்றைம்பது மீட்டருக்குள் சொன்ன இடத்தில் போகும், அதைத் தாண்டினால் வளைந்து இறங்கும். கட்டையின் பின்னால் ரப்பர் கிடையாது, உலோகத் தகடுதான். ரிட்டயர் ஆகி வந்த புதிதில் அவரோடு போய், குறிபார்க்கும் இடத்தில் பத்து ரவுண்டு சுட்டேன். பட்டாளத்தில் இருந்த தோளே வலித்தது.

இங்கே ஒன்று மட்டும் வாங்கலாம் என்றால் நான் ரைஃபிளே சொல்ல மாட்டேன், 12 போர்தான். காரணம் சொல்கிறேன். ரைஃபிள் குண்டு தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். நம்ம கொல்லைக்கு அந்தப்பக்கம் இன்னொருவன் கொல்லை, அதற்கப்புறம் மாட்டுக்கொட்டகை. அமெரிக்காவில் காடு பெரிசு. தொப்பூர்க் கணவாய் மாதிரி மேடு பின்னால் இருந்தால் சரி, சமவெளியில் சரிப்படாது. 12 போரின் ரவை, அதாவது ஒரே தோட்டாவிலிருந்து சிதறும் சின்ன ஈயக் குண்டுகள், நாற்பது மீட்டருக்குமேல் பலமிழந்துவிடும். அதுவே இங்கே நல்லது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கப்புறம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்னால் மூன்று. ஒன்றே ஒன்று என்ற கேள்வி நமக்கு வெறும் பேச்சு இல்லை.

அஞ்செட்டி விவசாயி:

ஹவில்தார் ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. 12 போர் ரவை பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. பக்கத்து ஆளுக்கு அது பாதுகாப்பு என்பது சரி. பன்றிக்கு அது கொடுமை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கேழ்வரகு பால் பிடிக்கும் சமயம். விடியற்காலையில் மோட்டார் போடப் போன என் மச்சானை ஓடை ஓரத்தில் ஒரு ஒற்றைப் பன்றி முட்டித் தள்ளியது. தொடையில் கொம்பு கிழித்து எலும்பு தெரிந்தது. கத்திக்கொண்டு ஓடினோம். நாங்கள் போனதும் பன்றி ஓடவில்லை, அங்கேயே நின்று மூச்சுவிட்டது. அப்போதுதான் நாற்றம் தெரிந்தது. தோளில் பெரிய புண், புழு வைத்திருந்தது. மறுநாள் செத்துக் கிடந்தது. வனத்துறை ஆட்களும் கால்நடை டாக்டரும் வந்து அறுத்துப் பார்த்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன். ஆண் பன்றிக்குத் தோள்மேல் குருத்தெலும்பு மாதிரி ஒரு கவசம் உண்டு, இரண்டு விரல் கனம். அதற்குள் ஏழெட்டு ஈய ரவை அப்படியே பதிந்திருந்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. யாரோ எங்கேயோ நாட்டுத் துப்பாக்கியில் தூரத்திலிருந்து சுட்டிருக்கிறான். அது பல நாள் வலியோடு திரிந்து, சுடாத என் மச்சானைக் கிழித்தது. முப்பத்தாறு தையல்.

எங்கள் தாத்தா காலத்தில் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாமே சேலம் ஜில்லா. ஆட்கொல்லி வந்தால் துரைமார்கள் வருவார்கள். பெங்களூரில் இருந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் இந்தக் காடுகளில்தான் சுற்றினார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், கீழே நெம்புகோல் இழுக்கும் 1895 மாடல். 300 கிரெயின் குண்டு, வினாடிக்கு 670 மீட்டர். இன்றைய கணக்கில் வேகம் குறைவுதான். புலிக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் அந்த ஒன்றையே எடுத்துப்போனார். கிட்டப் போய், சரியான இடத்தில் சுடுகிறவருக்கு அது போதுமாக இருந்தது. தாத்தா சொல்வார், "துப்பாக்கி பெருசா இருந்தா மட்டும் பத்தாது, காத்திருக்கிற பொறுமை பெருசா இருக்கணும்." துரைமார்களுக்குப் பரண் கட்டிக் கொடுத்த கை அவருடையது.

இப்போது அந்தக் காடு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2014இல் அறிவித்தார்கள், 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்கும் வந்தது. 1972 வன உயிரினச் சட்டத்துக்கப்புறம் வேட்டை என்பதே குற்றம், அது சரியும்கூட. யானையையும் மானையும் தொடாமல் விட்டதால்தான் இன்னும் இருக்கிறது. ஆனால் ராத்திரி பூரா பானையைத் தட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தவனுக்குத்தான் பன்றியின் சேதம் தெரியும். பொறுக்க முடியாதவன் தப்பான வழிக்குப் போகிறான். அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி, வைக்கிறான், மாட்டின் வாய் சிதறுகிறது. வேலியில் கரண்டு விடுகிறான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் மூன்று பெண் யானைகள் அப்படித்தான் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிக்கொண்டே நின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். என் கொல்லை முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது, எனக்குப் பயனில்லை. ஆனாலும் சுடப்போகிறவர்கள் கையில் அந்தக் கவசத்தைத் துளைக்கிற துப்பாக்கி இருக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். இல்லாவிட்டால் அடுத்த மச்சான் யாரோ.

ஊத்தங்கரை தம்பி:

அண்ணா, எங்கள் வீட்டில் அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஒற்றைக்குழல் இருக்கிறது. அதை .30-06 ஆக மாற்ற முடியுமா? அப்புறம் இந்தக் கிரெயின் என்றால் மருந்தின் அளவா, குண்டின் எடையா?

பாலக்கோடு ஹவில்தார்:

குண்டின் எடை தம்பி. 1 கிரெயின் 65 மில்லிகிராம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அதுதான். போர் மாற்றுவதெல்லாம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துக் கேட்க வேண்டியது. ஒன்று சொல்லிவைக்கிறேன், பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருப்பதால் மிருகத்தைச் சுட அனுமதி வந்துவிடாது. காட்டுப்பன்றி இப்போது வன உயிரினச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதற்கு வனத்துறையின் எழுத்து வேண்டும். சத்தம் போட்டு விரட்டுவதற்கு அப்பாவின் ஒற்றைக்குழல் போதும்.

அஞ்செட்டிக்காரர் சொன்ன கவசம் விஷயம் எனக்குத் தெரியாது. 12 போர் என்று நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். விரட்டுவதற்கு 12 போர். கொல்லத்தான் வேண்டும் என்று அரசே முடிவுசெய்து ஆள் அனுப்பினால் .30-06, அதுவும் பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பார்த்து, பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும். அப்படிச் சுட்டால் குண்டு மண்ணில் இறங்கிவிடும், அந்தப்பக்கம் போகாது.

ஓசூர்க்காரன்:

அஞ்செட்டி அண்ணா, மச்சானுக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது? உங்கள் பதிவை சித்தப்பாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அவர் கேட்டதும் அதையேதான்.

பரண்மேலிருந்து சுடுவது பற்றி ஐயா சொன்னது மிச்சிகனிலும் வழக்கம். மரத்தில் ஏணி கட்டி உட்காருவார்கள். உயரத்திலிருந்து சுடும்போது குண்டு மேலே நுழைந்து கீழே வெளியேறும், அதற்கேற்ற மாதிரி இடம் பார்க்க வேண்டும். பழகாதவர்கள் முதுகுக்குமேல் விட்டுவிடுவார்கள்.

நிறையப் பேர் தனியாகக் கேட்டார்கள், அந்த .30-06ஐ என்ன செய்தாய் என்று. ஊருக்குக் கொண்டுவரவில்லை. இங்கே அதற்கு வேலையும் இல்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் பெரியவரின் பேத்திக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளூர்க் கடைக்காரர் மூலமாகவே எல்லாத் தாளும் எழுதினோம். அவளிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டேன், முதல் கோடை முழுக்க .22இல் பழகு என்று. போன நவம்பரில் படம் அனுப்பியிருந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை, பனி, பக்கத்தில் தாத்தா. மான் பத்து அடியில் விழுந்ததாம்.