ஆஸ்ட்லி இடிபாட்டுக்குள் வீடு கட்டியது சரியா?

அகழிக்கரை:
இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில், நனீட்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆஸ்ட்லி காஸில். பெயர்தான் காஸில், உண்மையில் அகழி சூழ்ந்த ஒரு நிலக்கிழாரின் அரண் வீடு. மதிலில் ஞாயில் (மறைந்து நின்று அம்பெய்ய மேலே பல் பல்லாக வைக்கும் அரண்) வைத்துக் கட்டிக்கொள்ள 1266இல் அரசரின் அனுமதி கிடைத்தது. பிற்பாடு கிரே குடும்பத்தின் கைக்கு வந்தது. ஒன்பது நாள் அரசி ஜேன் கிரேயின் அப்பா ஹென்றி கிரே, அரசி மேரிக்கு எதிரான 1554 கலகம் தோற்றதும் இங்கேதான் ஓடிவந்து மரப்பொந்தில் ஒளிந்தார் என்பார்கள். பிடித்துக்கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள்.

ஹோட்டலாக இருந்த கட்டடம் 1978இல் தீப்பிடித்து வெறும் சுவராகிவிட்டது. பழைய கட்டடங்களை மீட்டு வாடகைக்கு விடும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அந்தச் சுவர்களுக்குள்ளேயே புதுச் செங்கல் வீடு ஒன்றைக் கட்டி, 2012இலிருந்து விடுமுறை வாடகைக்கு விடுகிறது. 2013இல் அதற்குப் பிரிட்டனின் கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசும் கிடைத்தது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இடிபாட்டை இடிபாடாகவே விட்டிருக்க வேண்டும். ஷ்ராப்ஷயரில் உள்ள ஆக்டன் பர்னெலைப் பாருங்கள். அரசர் முதலாம் எட்வர்டின் சான்சலர், அதாவது தலைமை அதிகாரி, ராபர்ட் பர்னெல் 1284இல் அனுமதி பெற்றுக் கட்டிய அரண் வீடு அது. கூரை போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. செம்மணற்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. யாரும் காசு கொடுக்காமல் உள்ளே போய் நின்று பார்க்கலாம். ஆஸ்ட்லியையும் அப்படி வைத்திருக்க முடியாதா?

செங்கல்சூளை:
சார், ரெண்டையும் ஒரே தராசில வைக்காதீங்க. நான் பழைய கட்டட வேலையில இருக்கேன், அதனால சொல்றேன். இந்த மாதிரிச் சுவருக்கு வெளிமுகம் ஒரு அடுக்கு, உள்முகம் ஒரு அடுக்கு, நடுவுல துண்டுக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு நிரப்பியிருப்பாங்க. கூரை இருக்கிற வரைக்கும் கவலை இல்லை. கூரை போச்சுன்னா மழைத்தண்ணி சுவர் உச்சியில இருந்து நேரா நடுவுல இறங்கும். குளிர்காலத்துல அது உறைஞ்சு விரியும், வெயில் வந்தா உருகும். இப்படியே சில வருஷம் போனா சுவர் வயிறு தள்ளி, ஒருநாள் வெளிமுகம் மொத்தமா சரிஞ்சிடும்.

ஆஸ்ட்லியில தீ வேற. சுவரையும் சுவரையும் இழுத்துப் பிடிச்சிருந்த உத்திரம், தளம் எல்லாம் எரிஞ்சு போச்சு. பெரிய பெரிய ஜன்னல் திறப்போட, பிடிமானம் இல்லாம உயரமா நிக்கிற சுவர் அது. அதைச் சும்மா விட்டா இடிபாடா நிக்காது, கற்குவியலாத்தான் ஆகும்.

அகழிக்கரை:
சுவரைத் தாங்கிப் பிடிக்க வேறு வழியே இல்லையா? உச்சிக்குச் சுண்ணாம்புக் காரை போடலாம், புல்தரை பதித்து மூடலாம், தேவையான இடத்தில் முட்டுச் சுவர் எழுப்பலாம். இதெல்லாம் அந்த நாட்டில் தினசரி செய்கிற வேலைதானே? 1877இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களுக்காகச் சங்கம் தொடங்கியதே, புதுப்பிக்கிறேன் என்று சொல்லிப் பழையதைக் கெடுக்காதே என்று சொல்லத்தான்.

தாழ்வாரம்:
அகழிக்கரை அண்ணா, மாரிஸை நீங்கள் பாதிதான் எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் எதிர்த்தது பழையது போலவே போலியாகக் கட்டுவதை. ஒழுகும் கூரையைச் சரி செய், சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, செய்த வேலை வெளியே தெரியட்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் வசிக்கிறேன். மக்களுக்குத் திறந்துவிடும் நாளில் ஆஸ்ட்லிக்குப் போயிருக்கிறேன். உடைந்த கற்சுவரின் விளிம்பு எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படியே அதை ஒட்டிப் புதுச் செங்கல் வரிசை படிப்படியாக ஏறுகிறது. மெல்லிய செங்கல், கல்லின் நிறத்தோடு சண்டை போடாத நிறம். ஆனால் எது பழசு எது புதுசு என்று சிறு பிள்ளைகூடக் காட்டிவிடும். விரலை வைத்தால் கல் முடிந்து செங்கல் தொடங்கும் கோடு கையில் தட்டுப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கோடுதான். ஞாயில், கோபுரம் என்று எதையும் அவர்கள் கற்பனையாகத் திரும்பக் கட்டவில்லை.

இன்னொன்று, முழுவதையும் வீடாக்கிவிடவும் இல்லை. பழமையான நடுப்பகுதியில் மட்டும்தான் வீடு. பிற்காலத்தில் சேர்த்த பகுதிகள் வானம் பார்த்த முற்றங்களாகவே நிற்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். படுக்கையறைகள் கீழே, கூடம் மாடியில். மாடி ஜன்னலில் நின்றால் இடிந்த சுவர்களின் இடைவெளி வழியாக வெளியே பார்க்கலாம். நீங்கள் கேட்கிற இடிபாடு அங்கேயே இருக்கிறது அண்ணா.

அகழிக்கரை:
நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. அதை வடிவமைத்த விதர்ஃபோர்ட் வாட்சன் மான் நிறுவனத்தின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் கேட்பது, அந்த முற்றத்தில் யார் நிற்கலாம் என்பது. எட்டுப் பேர் தங்கும் வீடு அது. வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்கு வருடம் பூராவும். தாழ்வாரம் போன மாதிரிப் போகிறவர்களுக்குச் சில நாட்கள். இந்த வேலைக்குத் தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதியும் போயிருக்கிறது. ஊர்க்காசு போன இடத்தில் ஊருக்குச் சாவி இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

செங்கல்சூளை:
அந்த வாடகைதான் சார் இன்னைக்கு அந்தச் சுவரைக் காப்பாத்துது. ஆக்டன் பர்னெலை இங்கிலீஷ் ஹெரிடேஜ்ங்கிற அறக்கட்டளை பார்த்துக்குது, அங்க காசு வாங்கத் தேவையில்லை. ஆஸ்ட்லி தீப்பிடிச்சு முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு. வழக்கமான முறையில சரிபண்ணக் கட்டுப்படியாகாதுன்னு டிரஸ்டே ஒரு கட்டத்துல முடிவு பண்ணியிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் 2007ல போட்டி வச்சு இந்த யோசனையைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆள் குடியிருந்தா கதவு திறக்கும், அடுப்பு எரியும், ஓடு நழுவினா அன்னைக்கே தெரியும். பூட்டிப் போட்ட கட்டடத்துல ஒரு ஒழுகல் தெரியவே ரெண்டு மழைக்காலம் ஆயிடும்.

தாழ்வாரம்:
திறக்கும் நாட்கள் போதாது என்பதில் நான் அகழிக்கரை அண்ணா பக்கம்தான். நான் போன அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஆனால் அதற்காக வீட்டையே கட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன்.

அகழிக்கரை:
சரி, கட்டியதை யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. இனி எந்த இடிபாட்டில் இப்படிக் கட்டினாலும், பொதுநிதி ஒரு பவுண்டு வாங்கினால்கூட மாதம் ஒரு நாள் இலவசமாகத் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அதற்கு ஒத்துக்கொள்கிறீர்களா, செங்கல்சூளை?

செங்கல்சூளை:
மாசம் ஒரு நாள்னா, முன்னாடி நாள் காலி பண்ணணும், அடுத்த நாள் சுத்தம் பண்ணணும். ஒவ்வொரு மாசமும் ஒரு வார வாடகை போயிடும். வருஷத்துக்கு ஒரு வாரம் முழுசா திறக்கச் சொல்லுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்.

அகழிக்கரை:
ஒரு வாரம் போதாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரக் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று இரண்டு வாரமாவது வேண்டும்.