அக்காவின் நேர்த்திக்கடனில் தலையிட, நம்பிக்கை இல்லாத எனக்கு உரிமை உண்டா?

ஈசூன்வாசி எழுதியது:

இறைநம்பிக்கை இல்லாதவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள் செய்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா, அல்லது அது அவரவர் பாடு என்று ஒதுங்கிவிட வேண்டுமா என்று இங்குள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். பொதுவான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இது எங்கள் வீட்டில் பிறந்த கேள்வி.

எனக்கு 54 வயது. பதினெட்டு வயதிலிருந்தே எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. என் அக்காவுக்கு 61 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளிக் குடியிருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. அவருடைய பேரன் குறைமாதத்தில் பிறந்து ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து வீடு வந்து சேர்ந்தால் மூன்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். இரண்டு பால்குடம் எடுத்தாகிவிட்டது. மூன்றாவது இனி வரப்போகிறது.

சென்ற முறை அக்கா விரதமிருந்து, முற்பகல் வெயிலில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு நடந்தார். மூன்று கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தூரம். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் போட்டிருக்கிறது. நீரிழிவால் பாதம் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. பதினோராம் நாள் எதேச்சையாக அவர் வீட்டுக்குச் சென்றேன். வீட்டுக்குள் அவர் வெள்ளைக் காலுறை அணிந்திருந்தார். அதன் அடியில் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு மஞ்சள் கறை. கழற்றச் சொன்னபோது துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெந்நீரில் நனைத்து நனைத்துத்தான் எடுத்தோம். அதன் பிறகு மூன்று மாதம் கட்டு மாற்றுவதற்காகப் பலதுறை மருந்தகத்துக்கு அலைந்தோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னால் நீ சாமியைத் திட்டுவாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை” என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த ஆண்டு போகவே கூடாது என்று தடுக்க நினைக்கிறேன். அத்தையின் நம்பிக்கையில் தலையிட உங்களுக்கு என்ன உரிமை என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

தெம்பனிஸ் வாசகர் எழுதியது:

நானும் நம்பிக்கை இல்லாதவன்தான். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்நாட்டில் வசிக்கும் 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானவர்களில் நூற்றுக்கு 20 பேர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று தெரிவித்தார்கள். இந்துக்கள் நூற்றுக்கு 5 பேர். எண்ணிக்கையில் நாம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை இல்லை. ஆகவே நம்முடைய சொல்லுக்கு எடை உண்டு என்பதை உணர்ந்து, அதை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஒரு செயலின் பாரம் யார் மீது விழுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2009 மார்ச்சில் அவேர் என்ற பெண்கள் அமைப்பின் நிர்வாகப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும், ஓரினச் சேர்க்கை பற்றிய தங்கள் பார்வைக்கேற்ப அமைப்பைத் திருப்ப அவர்கள் முயல்கிறார்கள் என்பதும் தெரியவந்தபோது, எல்லாப் பெண்களுக்கும் உரிய பொது அமைப்பு ஒரு சாராரின் சமயக் கருத்துக்கு உட்படலாமா என்ற கேள்வி எழுந்தது. அவ்வாண்டு மே 2-ஆம் தேதி சன்டெக் மாநாட்டு மையத்தில் நடந்த சிறப்புக் கூட்டத்தில், புதிய குழுவின் மீது நம்பிக்கை இல்லை என்ற தீர்மானம் 1,414-க்கு 761 என்ற வாக்குகளில் நிறைவேறியது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பே, தேவாலயங்கள் இதில் ஈடுபடுவதைத் தாங்கள் ஏற்கவில்லை என்று தேவாலயங்களின் தேசிய மன்றம் அறிவித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கவலைப்பட்டவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டும் அல்லர். அத்தகைய இடத்தில் பேசாமல் இருப்பது தவறு. பிள்ளைகளின் உடல், பள்ளிப் பாடம், நாட்டின் சட்டம் ஆகியவையும் அப்படிப்பட்ட இடங்களே.

உங்கள் அக்காவோ அறுபது வயதைக் கடந்தவர். தம் காலால் தாம் நடக்கிறார். அவரைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த எல்லையை மதியுங்கள்.

தாதி ஒருவர் எழுதியது:

தெம்பனிஸ் வாசகர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தடுப்பது வேறு, கவலைப்படுவது வேறு. அவர் இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

நான் முஸ்லிம், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். நோயாளிகள் நோன்பிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்று எங்கள் மார்க்கமே சொல்கிறது. இருந்தும் ரமலானில் நோன்பு வைக்காவிட்டால் மனம் கேட்காது என்று சொல்லும் நீரிழிவு நோயாளிகள் ஏராளம். என்னோடு பணியாற்றிய மருத்துவர் ஒருவர், எந்தச் சமயத்தையும் பின்பற்றாத சீனர், ஆண்டுதோறும் நோன்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே என்னிடம் தேதியைக் கேட்டுத் தம் நாட்காட்டியில் குறித்துக்கொள்வார். நோன்பு வைக்கப் போகிறீர்களா என்று நோயாளியிடம் அவரே முதலில் கேட்பார். உணவு இல்லாத நேரத்தில் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய மாத்திரைகளை மாற்றியோ குறைத்தோ கொடுப்பார். விரலில் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே நோன்பை முறிக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொள்வார். சிலரிடம், உங்கள் உடம்பு இதைத் தாங்காது, இந்த ஆண்டு வேண்டாம் என்று நேராகவே சொல்வார். அவர் சொன்னால் கேட்டார்கள். நோன்பு சரியா தவறா என்று அவர் ஒரு நாளும் பேசியதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அண்ணா, உங்கள் அக்கா புண்ணை மறைத்த அந்தப் பதினொரு நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உணர்விழந்த பாதத்தில் வரும் புண்ணை முதல் நாளிலேயே காட்டியிருந்தால் மூன்று மாத அலைச்சல் பெரும்பாலும் இருந்திருக்காது. முற்றியிருந்தால் விரலையே எடுத்திருப்பார்கள். தைப்பூசத்துக்கு முன்பே அவரை அழைத்துச் சென்று பாதப் பரிசோதனை செய்யுங்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் மெல்ல வளையும் அளவுக்கு அழுத்திப் பார்ப்பார்கள். விரத நாட்களில் மாத்திரையை என்ன செய்வது என்றும் கேளுங்கள். உண்மையைச் சொல்வதானால், அப்படிப்பட்ட பாதத்தோடு வெறுங்காலில் நடக்கவே கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

காவடிக்காரர் எழுதியது:

ஐயா, நான் முருகனுக்குக் காவடி எடுப்பவன். ஆகவே என் சார்பு எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த சுயமரியாதைக்காரர். 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததையும், 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதையும், 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு செய்தித்தாளைத் தொடங்கியதையும் நேற்று நடந்ததுபோல் எங்களுக்குச் சொல்வார். கோயிலுக்குள் போகாத அவர், கோயிலில் சாதி பார்ப்பதை எதிர்த்துக் கடைசிவரை பேசினார். நீ உள்ளே போகாதவன், உனக்கென்ன அதைப் பற்றி என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. உள்ளே விடாமல் நிறுத்தப்படுகிறவன் என் கூட்டாளி என்று பதில் சொல்வாராம். 1952-இல் சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, திருநீறு பூசிய என் பாட்டியும் அவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி.

ஆகவே நம்பிக்கை இல்லாதவர்கள் எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லை வீசிவிட்டுப் போகிறவர் எங்களைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று மட்டும் எங்களால் நம்ப முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் காது அடைத்துக்கொள்கிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் பால்குடங்கள் நள்ளிரவை ஒட்டியே புறப்பட்டுவிடும். அப்போது தார்ச்சாலையில் சூடு இருக்காது, கூட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கும். வெயிலில் நடப்பதால் வேண்டுதலுக்குக் கூடுதல் பலன் என்று நான் எங்கும் கேட்டதில்லை. நடக்கவே முடியாத நிலை என்றால், குடும்பத்தில் வேறொருவர் அவருக்காகப் பால்குடம் எடுப்பதும் எங்களுக்குள் வழக்கம்தான். ஆனால் அதை நீங்கள் சொல்லாதீர்கள். அக்கா மதிக்கும் பெரியவர் ஒருவர் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் அவரோடு கூட நடங்கள். துணைக்கு நடப்பவரிடம் யாரும் நம்பிக்கைச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஈசூன்வாசி மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நீ போகக் கூடாது என்று தொடங்குவதற்குப் பதிலாக, விரதம் என்றைக்குத் தொடங்குகிறது என்று அக்காவிடம் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் தேதியைச் சொன்னார். பிறகு இருவரும் மருந்தகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த தாதி அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் இழையை வலது பாதத்தில் வைத்து அழுத்தினார்; பட்டால் சொல்லுங்கள் என்றார். இழை ஏழாம் முறை வளைந்து நிமிர்ந்த பிறகும், “இன்னும் வைக்கவில்லையா அம்மா?” என்று அக்கா கேட்டார். அவர் கண் மூடியிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் விரத நாட்களுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. நள்ளிரவில் புறப்படச் சம்மதித்துவிட்டார். தடித்த காலுறையோடு நடந்தால் நேர்த்திக்கடன் ஆகுமா என்பது அவருடைய கேள்வி, அது போதுமா என்பது மருத்துவரிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி. என் மகள், அத்தைக்குப் பதிலாகத் தானே பால்குடம் எடுக்கிறேன் என்கிறாள். அவளுக்கும் பெரிதாக நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமல் எடுக்கலாமா என்று காவடிக்கார ஐயா சொன்னால் நல்லது. வரும் வெள்ளிக்கிழமை மாலை குருக்களிடம் கேட்பதற்காக மூவரும் டேங்க் ரோடு செல்கிறோம். நான் அந்தக் கோயிலுக்குள் கடைசியாகப் போனது, அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சென்ற வயதில்.