ஓடிபி யார் போனுக்குப் போகுது?

மணலிக்கரை:
சுருக்கமா சொல்லுதேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு இ-சேவை மையம், திங்கட்கிழமை, நல்ல கூட்டம். நாப்பது வயசுக்குள்ள ஒரு அக்கா. புருஷன் விட்டுட்டுப் போயி ஒம்பது வருஷம். தனி ரேஷன் அட்டைக்கு மனு போட வந்திருக்கு. ஆதார் நம்பரை அடிச்ச உடனே 'வேறொரு அட்டையில் உள்ளது'ன்னு தள்ளிட்டு. பழைய அட்டையில பேரை எடுக்கணும்னா அதுல பதிஞ்ச போனுக்கு ஓடிபி போகும். நம்பர் புருஷனுக்குள்ளது. கவுன்டர்ல இருந்த பையன் நல்லவன்தான், "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க அக்கா"ன்னான். அந்த அக்கா பத்து நம்பரையும் பாக்காமலே தட்டுச்சு. பச்சைப் பொத்தானை மட்டும் அமுக்கல. கொஞ்ச நேரம் போனையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, காகிதத்தை எல்லாம் மஞ்சப் பைக்குள்ள வச்சுட்டுப் போயிருச்சு.

இதுக்கு வேற வழி இருக்கு, அந்தக் கவுன்டர்ல யாருக்கும் தெரியல, அதான் வயித்தெரிச்சல். ஓடிபி வேண்டியது நாம வெளிய இருந்து இணையத்துல போடுற மனுவுக்கு. வட்ட வழங்கல் அலுவலர் தன்னோட லாகின்ல இருந்து, கள விசாரணை முடிச்சு, பேரை நீக்க முடியும். விவாகரத்துத் தீர்ப்பு வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள் மனு, பிரிஞ்சு இருக்கோம்னு சுய உறுதிமொழி, ஆதார் நகல், இப்ப இருக்கிற வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரம், பழைய அட்டை நம்பர், இவ்வளவுதான். மாசம் ரெண்டாம் சனிக்கிழமை தாலுகா வாரியா நடக்கிற ரேஷன் குறைதீர் முகாம்ல கொடுத்தா கையில ஒப்புகை கிடைக்கும். பேர் நீங்கின பிறகுதான் புது அட்டை மனு உள்ளே போகும். ரெண்டையும் ஒரே நாள்ல போட்டா ரெண்டாவது தானா தள்ளுபடி ஆகும்.

மகளிர் உரிமைத் தொகை ஒரு அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். அட்டையில ஆண் பேர் தலைவரா இருந்தா அவர் மனைவியே குடும்பத் தலைவின்னு விதி. ஒம்பது வருஷமா வாசப்படி மிதிக்காத வீட்டுக்கு இந்த அக்கா இன்னும் தலைவி, கேட்டியளா.

ஓய்வு வருவாய்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். அட்டை கிடைத்த பிறகு அந்தப் பெண் அடுத்துப் போக வேண்டியது உதவித்தொகைக்கு. கணவரால் கைவிடப்பட்டவருக்கு 30 வயது முடிந்திருக்க வேண்டும், பிரிந்து 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் பிரிவு ஆணை இருக்க வேண்டும். தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும்.

எங்கே முறியும் என்றால் 5 ஆண்டு என்ற இடத்தில். 'கணவர் சரியில்லை, குடிப்பார், அடிப்பார்' என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள், எந்தத் தேதியிலிருந்து தனியே இருக்கிறார் என்று ஒரு வரி இருக்காது. விசாரிப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்த்த பதிவு, முகவரி மாறிய வாக்காளர் அட்டை, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது தந்த சி.எஸ்.ஆர் ரசீது, ஜீவனாம்ச மனு போட்டிருந்தால் அதன் நகல், இவற்றில் ஏதேனும் ஒன்றில் தேதி இருக்கும். அதையே மனுவின் முதல் வரியில் எழுத வேண்டும். ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 144. பழைய எண்ணைப் போட்டால் குடி முழுகிவிடாது, ஆனாலும் சரியாக எழுதுங்கள். வட்டாட்சியர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே போகலாம்: அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் என்றால் நாகர்கோவில் கோட்டாட்சியர், மேற்குப் பக்கம் என்றால் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். வாய்மொழியாக 'முடியாது' என்று சொன்னதற்கு மேல்முறையீடு கிடையாது. இரண்டு அயல்வீட்டுக்காரர்களைச் சாட்சிக்குத் தயாராக வைத்துக்கொள்ளவும். மரியாதைப்பட்ட ஆட்களாக இருந்தால் நல்லது.

கீழ்க்குளம்:
சார், "மரியாதைப்பட்ட ஆட்கள்"னு எழுதியிருக்கீங்க. கேக்கிறவங்க அதுக்கு ஆம்பிளைன்னுதான் அர்த்தம் எடுப்பாங்க. ஒரு விசாரணையில நடந்தது: பக்கத்து வீட்டு அம்மா, 60 வயசு, எல்லாம் பாத்தவங்க, வாசல்லயே நின்னு சொல்ல வாறாங்க. விசாரிக்க வந்தவர் பேனாவை மூடி வச்சிட்டு "வீட்ல ஆம்பிளையாளு யாரும் இல்லியா?"ன்னு கேட்டார். அந்த அம்மா உள்ள போயி மகனை எழுப்பிட்டு வந்தாங்க. அவன் வளைகுடால இருந்து வந்து பத்து நாள்தான் ஆச்சு, ஒண்ணும் தெரியாது. கையெழுத்து அவன்தான் போட்டான்.

சாட்சி ஆணா இருக்கணும்னு எந்த விதியும் கிடையாது. வாக்குமூலம் எழுதச் சொல்லிக் கேளுங்க, எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

ஓய்வு வருவாய்:
நியாயம். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆவணக்கட்டு:
ரேஷன் அட்டையாவது மாசாமாசம் வந்துபோற விஷயம். சொத்துல விட்டா திரும்பாது.

விளவங்கோடு பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். அப்பா உயில் எழுதாம போயிட்டார். 30 சென்ட் தென்னந்தோப்பு. அம்மா, ரெண்டு ஆண், ரெண்டு பெண். அக்காமார் ரெண்டு பேரும் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட வந்திருக்காங்க. "சம்மதமா?"ன்னு பதிவு அதிகாரி பெரியவகிட்ட கேட்டார். தம்பி முந்திக்கிட்டு "சம்மதம் சார், ஸ்ரீதனம் எல்லாம் அப்பவே குடுத்தாச்சு"ன்னான். அதிகாரி கண்ணாடியைக் கழட்டிட்டு, "நான் உங்ககிட்ட கேட்கல"ன்னார். அந்தப் பெண் பெருவிரலை ரேகைக் கருவி மேல வச்சுக்கிட்டே தம்பி மூஞ்சியைப் பாத்தா. தலையாட்டிட்டா. பத்திரம் பதிவாயிட்டு.

'ஸ்ரீதனம் குடுத்தாச்சு' எங்க இருந்து வந்த பேச்சுன்னு தெரியணும். 1916-ல வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்துல மகளுக்கு மகன் பங்குல கால்வாசி, இல்லேன்னா 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கியிருந்தா அதுவும் கிடையாது. விதவைக்கு ஆயுள் அனுபவம் மட்டும். மேரி ராய் வழக்குல 1986-ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 1951-லயே அந்தச் சட்டம் போயிட்டு, பொருந்துறது 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்னு. குமரி மாவட்டத்துக்காரங்க நாம 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி பக்கம் இருந்தவங்க. சட்டம் போயிட்டு, பேச்சு மட்டும் போகல.

இப்ப கணக்கு இது: மனைவிக்கு மூணுல ஒண்ணு, மீதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம். 30 சென்ட்ல அம்மாவுக்கு 10, நாலு பிள்ளைகளுக்கும் தலைக்கு 5. அதே சட்டத்தோட 49-வது பிரிவை வாசிச்சுப் பாருங்க: தகப்பன் உயிரோட இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்குல கழிக்கக் கூடாது. அதாவது கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தக் கணக்குக்குள்ள வராது. இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் வேற, இதோட போட்டுக் குழப்பாதீங்க.

கையெழுத்துக்கு முன்னால பாக்க வேண்டியது மூணு. வாரிசுச் சான்றில் கல்யாணம் ஆன மகள் பேரும் இருக்கணும், மனுவுலயே விட்டுட்டா சான்றுலயும் வராது. பத்திரத்துல பிரதிபலன்னு எழுதியிருக்கிற தொகை நிசமாவே கைக்கு வந்ததான்னு பாருங்க. பெரும்பாலும் 'முன்னமே ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்'னு ஒரு வரி உள்ள இருக்கும், அந்த ஒரு வரிதான் பின்னால கோர்ட்ல வாயை அடைக்கும். மூணாவது, செலவு. குடும்பத்துக்குள்ள விடுதலைன்னா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. பாகப் பிரிவினைக்கும் இதே மாதிரி சலுகை உண்டு. 'பெண்ணுக்குப் பங்கு வச்சா செலவு கூடும்'ங்கிறவன் பேச்சைக் கணக்குப் போட்டுப் பாருங்க.

குளச்சல் ரோடு:
எல்லாம் ஆபீஸ் பேச்சாவே போவுது. பஸ் நிர்வாகம் இல்லியா?

காலைல அஞ்சரை, மீன் சட்டியோட நாலு பேர் நிக்காங்க. வந்தது சாதாரணக் கட்டண டவுன் பஸ், பெண்களுக்குக் காசு வேண்டாம். டிரைவர் கையைக் காட்டி முன்னால போயி அறுபதடி தள்ளி நிறுத்தினார். ஓடிப் போய் ஏறினது ரெண்டு பேர். சட்டி வச்சிருந்த ரெண்டு பேரும் ஓட முடியல.

இலவசப் பயணம் 2021 மே 8-ல இருந்து நடக்கு. ஆனா பூஜ்ய டிக்கெட்டைக் கேட்டு வாங்கணும், அந்தச் சீட்டை எண்ணித்தான் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு பணம் கொடுக்குது. டிக்கெட் கிழிக்கலேன்னா அந்த டிரிப்ல பெண்களே ஏறலன்னு கணக்கு, அப்புறம் 'கூட்டம் இல்ல'ன்னு அந்த டிரிப்பையே எடுப்பான். 2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் ஸ்டாண்ட்ல மீன் விக்கிற மூதாட்டியை நாத்தம்னு இறக்கிவிட்டது ஊருக்கே தெரியும், மூணு ஊழியர் சஸ்பெண்ட் ஆனாங்க. சஸ்பெண்ட் பண்ணினா அறுபதடி தள்ளி நிறுத்துறது நிக்குமா? புகார் எழுதும்போது பஸ் நம்பர், தடம், நேரம், எந்த நிறுத்தம், நாலும் இருக்கணும். "மோசமா நடந்துக்கிட்டார்"னு மட்டும் எழுதினா குப்பைக்குத்தான் போவும்.

மணலிக்கரை:
தலைப்பு ஓடிபி அண்ணே. இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

தீர்மானப் புத்தகம்:
ஓடிபிக்கே வாறேன். ஊராட்சி அலுவலகம், பெண் தலைவர். இணையத்தில் பணம் விடுவிக்கணும், பென் டிரைவ் மாதிரி இருக்கிற டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகியாச்சு, பின் நம்பர் கேட்குது. "அவிய கிட்டதான் இருக்கு, கொட்டாரம் போயிருக்காவ"ன்னு சொல்லிட்டு அந்தம்மா வெத்திலைப் பாக்கை மடிச்சாங்க. மூணு மணி நேரம் கழிச்சு வீட்டுக்காரர் வந்தார், சட்டைப் பையில ஒரு துண்டுச் சீட்டு, அதுல நாலு ஊராட்சிக் கணக்கோட பின்னும் இருந்தது. அவர் தலைவர் இல்லை, நாலு ஊருக்கும் ஒப்பந்தக்காரர்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் 2016 திருத்தத்திலிருந்து. நம்ம மாவட்டத்தில் 2019-ல தேர்தல் நடந்தது 9 ஒன்றியம், 95 ஊராட்சிக்கு. 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்கள் கையில் போயிட்டு. அடுத்து வாறவங்களுக்காகச் சொல்லுதேன்: டோக்கன் வாங்கும்போது பதியற போனும் மெயிலும் அவங்களுடையதா இருக்கணும். செயலர் அவசரத்துல தன் நம்பரைக் கொடுத்திருவார், அப்புறம் ஓடிபி எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். தப்பு பின்னைச் சில தடவை போட்டா டோக்கன் பூட்டிக்கும், திரும்ப எடுக்க வாரக்கணக்காகும், அந்தப் பயத்துலதான் பலர் கணவர் கையில விட்டுடுறாங்க. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துப்படி பணத்துக்குப் பொறுப்பு தலைவர், துணைத் தலைவர் ரெண்டு பேர் கையெழுத்து. கணக்குத் தணிக்கையில ஆட்சேபணை வரும்போது துண்டுச் சீட்டு வச்சிருந்தவர் பேர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை. குறைவெண், அதாவது குறைஞ்சது வர வேண்டிய ஆள் எண்ணிக்கை, ஊர் மக்கள்தொகையைப் பொறுத்து 50-ல இருந்து 300 வரை. வருகைப் பதிவில் பெண்கள் கையெழுத்துதான் அதிகம் இருக்கும், தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினா முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் ரெண்டும் ஆண் பேர். அந்த ரெண்டு வரியையும் கேட்டு எழுத வையுங்க.

கடற்கரை:
ஓய்வு சாருக்கு ஒரு கேள்வி, பதில் வேண்டாம். படிவத்துல விதவை, கைவிடப்பட்டவர், திருமணமாகாதவர்னு இருக்கு. கடலுக்குப் போனவர் திரும்பல, உடம்பும் கிடைக்கலேன்னா அந்தப் பெண் எந்தக் கட்டத்துல டிக் போடணும்? ஒக்கி புயல் சமயத்துல, 2017 நவம்பர் கடைசியில, காணாமப் போனவங்க குடும்பத்துக்கும் அரசு 20 லட்சம் கொடுத்தது, கூட்டமா நடந்ததால வழி பிறந்தது. ஒத்தை வள்ளத்துல ஒத்தை ஆள் போனா அது கிடையாது, ஏழு வருஷம் தகவல் இல்லேன்னாதான் சட்டம் இறந்ததா எடுத்துக்கும், அதுக்கும் சிவில் கோர்ட்.

ஒருத்தி அந்தப் படிவத்துல எதுலயும் டிக் போடாம, ஓரத்துல 'கடலில்' னு எழுதியிருந்தா. கவுன்டர்ல அழிச்சிட்டு வரச் சொன்னாங்க.

முதல் வாரத்துலயே செய்ய வேண்டியது: கடலோரப் பாதுகாப்புக் குழும ஸ்டேஷன்ல முதல் தகவல் அறிக்கை, மீன்வளத் துறையில எழுத்துல தகவல், கூடப் போனவங்க வாக்குமூலம். பின்னால 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்று வாங்க இது மூணும் அடிப்படை. மீனவர் விபத்துக் காப்பீடு கேக்கவும் இதுதான். மாமியார் பேர்லயும் மனைவி பேர்லயும் தனித்தனியா மனு போனா ரெண்டும் முடங்கிக் கிடக்கும்.

பூதப்பாண்டி செல்போன்:
யாரும் கேக்கல, இருந்தாலும். முதல் பதிவுல சொன்ன அக்கா புது அட்டைக்கு நம்பர் கொடுக்கும்போது அந்த சிம் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க. பாதிப் பெண்கள் கையில இருக்கிறது புருஷன், அண்ணன், மகன் ஆதார்ல வாங்கினது. அவன் போயி 'சிம் தொலைஞ்சிட்டு'ன்னு சொன்னா புது சிம் அவன் கைக்குப் போயிரும், ஓடிபியும் கூடவே. தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி இணையதளத்துல, தன் பேர்லதான்னு உறுதியாத் தெரிஞ்ச வேற நம்பரைப் போட்டு நுழைஞ்சா தன் பேர்ல உள்ள இணைப்பைப் பாக்கலாம், இந்த நம்பர் அதுல இல்லேன்னா வேற ஆள் பேர்லன்னு அர்த்தம். பேர் மாத்தணும்னா ரெண்டு பேரும் கடைக்கு வரணும், அது நடக்காது. புது சிம் சொந்த ஆதார்ல வாங்கிட்டு, ஆதார் மையத்துல போயி அந்த நம்பரைச் சேருங்க. அதுக்கு விரல் ரேகை போதும், பழைய போனுக்கு ஓடிபி போகாது. அது முடிஞ்ச பிறகு பேங்க், கேஸ், ரேஷன். ரெண்டாம் சனிக்கிழமைக்கு முன்னால இதை முடிச்சிருங்க.

மணலிக்கரை:
அந்த அக்காவை எனக்குத் தெரியாது. ஆனா அந்த மையத்துப் பையனைத் தெரியும். இதை அப்படியே அவனுக்கு அனுப்பிட்டேன்.