கைப் பச்சையும் ஊர் வாயும்: இராமநாதபுரக் கரையிலிருந்து சில அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை:

என் இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புள்ளிக் கோலம் ஒன்று பச்சையாகக் குத்தப்பட்டிருக்கிறது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, எங்கள் தெருவுக்கு வந்த குறத்தியம்மா ஒருவர் குத்தியது. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகளை அதில் தோய்த்துத் தோய்த்துக் குத்துவார்கள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொள்ள, அப்பத்தா கண்ணைப் பொத்த, குறத்தியம்மா பாடிக்கொண்டே குத்தி முடித்து, அரிசியும் ஒரு பழைய சேலையும் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. காது குத்தப் பிள்ளையைக் கேட்டா குத்துகிறார்கள்? செத்தாலும் கூடவே வரும் நகை இது ஒன்றுதான் என்று அப்பத்தா சொல்லுவார்.

1970களின் இறுதியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றபோதுதான் அது எனக்குச் சுமையானது. விடுதியில் என்னைப் போன்ற சிலருடைய கைகளில் மட்டுமே பச்சை இருந்தது. படிப்பறியாத வீட்டுப் பிள்ளை என்பதற்கு அதையே முத்திரையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று முதல் சித்திரை வெயிலிலும் நீண்ட கை வைத்த ரவிக்கையைத்தான் தைத்துப் போட்டேன். என் தலைமுறைப் பெண்கள் பலர் தம் மகள்களுக்குப் பச்சை குத்தாமல் விட்டதற்கு வலியைவிட இந்த வெட்கமே காரணம் என்பது என் எண்ணம். ஒரு முறை மதுரையில் தோல் மருத்துவரிடம் லேசர் சிகிச்சை பற்றியும் விசாரித்தேன். கரியால் குத்திய பழைய பச்சை இன்றைய வண்ண மைகளைவிட எளிதாக மங்கும் என்றும், ஆனாலும் சில வார இடைவெளி விட்டுப் பல முறை வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். மகளின் கல்லூரிக் கட்டணம் குறுக்கே வந்ததால் அந்த யோசனை அதோடு நின்றது.

இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. அண்மையில் வங்கி வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற இளம்பெண் என் கையைப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் போட்டீர்கள், படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தோல் தளர்ந்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கிடக்கின்றன. அதைத்தான் அவள் அழகு என்றாள். மகிழ்ந்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இத்தனை காலம் மறைக்க வைத்துவிட்டு இப்போது படம் எடுக்க வருகிறார்களே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. ஆனால் தன் மணிக்கட்டில் இருந்த சிறு மீனைத் தானே தேர்ந்தெடுத்து, தன் சம்பளத்தில் போட்டுக்கொண்டதாக அவள் சொன்னபோது, அந்த ஒன்றுக்காக அவள்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது.

கீழக்கரையிலிருந்து, இல்லத்தரசி:

எங்கள் வீட்டில் பச்சை குத்தும் வழக்கம் இருந்ததில்லை. உடலில் நிலையாகக் குத்திக்கொள்வதை மார்க்கம் தடுத்திருப்பதால் அதில் பேச்சே எழவில்லை. எங்களுக்கு வந்த சர்ச்சை வேறு. பெருநாளுக்கு என் மகள் ஒட்டு டாட்டூ ஒன்றை வாங்கிப் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். உம்மா அழகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அதற்கு அடியில் தண்ணீர் போகுமா, ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) கூடுமா என்று மட்டும் கேட்டார்கள். மருதாணி சாயமாக மட்டும் நிற்பதால் தண்ணீரைத் தடுக்காது. ஒட்டுப் படமோ ஏடுபோல் தோலை மூடிவிடும். மகள் தேங்காய் எண்ணெய் தேய்த்து உரித்துவிட்டு ஒளு செய்தாள். தொழுகை முடிந்ததும் இன்னொன்றை எடுத்து ஒட்டிக்கொண்டாள். அதற்கு உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து, மதுரையில் பணிபுரியும் பெண்:

ஆசிரியை அம்மா பொறாமைப்பட்ட அந்த உரிமை வீட்டில் என்ன பாடு படும் என்பதையும் சொல்ல வேண்டும். முன்கையில் சிறிய நங்கூரம் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை மற்றவருக்குப் பரவக்கூடும் என்பதால், புது ஊசியை என் கண்முன்னே உறை பிரிக்கச் சொல்லி, மை ஊற்றும் கிண்ணமும் புதிதுதானா என்று பார்த்த பின்னரே கையை நீட்டியிருந்தேன். இந்த விளக்கமெல்லாம் வீட்டில் எடுபடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதிலேயே சித்தி நின்றார்.

அப்பா மட்டும் காரணத்தோடு பேசினார். அவருடைய புஜத்தில் சிலுவையும் பெயரும் உண்டு. "கடலுக்குப் போற ஆம்பளைக்கு ஒரு அடையாளம் வேணும். ஒனக்கு எதுக்கு?" என்றார். அம்மாவும் கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, பாறையிடுக்கில் முங்கி முங்கி எடுப்பவர். அப்படியென்றால் அம்மாவுக்கும் குத்திவிடலாமா என்று கேட்டேன். அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாதான், "எனக்கு வேணாம்டி, உப்புத் தண்ணி பட்டா எரியும்" என்று சிரித்தார்.

பிறகு ஊரில் நடந்த இரத்த தான முகாமுக்குத் தம்பியும் நானும் போனோம். அவன் கழுத்தில் தேள் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் எவரும் அவனை ஒரு கேள்வி கேட்டதில்லை. டாட்டூ போட்டு 12 மாதங்கள் ஆகும்வரை இரத்தம் எடுக்க இயலாது என்று சொல்லி மருத்துவர் இருவரையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பினார். அடுத்த முகாமுக்குள் எனக்கு அந்தக் கெடு முடிந்துவிடும். தம்பி சென்ற மாதம்தான் தோளில் இன்னொன்று போட்டிருக்கிறான். அவனுக்குக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.