அப்பாவின் இதய ஆபரேஷன்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பு வைத்திருக்கும் அப்பாவுக்கு 64 வயது. அடுத்த வாரம் பெங்களூரில் வால்வு மாற்றும் ஆபரேஷன். "இதயத்தை நிறுத்தித்தான் செய்வோம்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. "நின்னது திரும்ப ஓடலைன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நான் படித்துப் புரிந்துகொண்டது இது: பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலை இதயத்தின் ரத்தக்குழாய்களில் செலுத்துவார்கள். துடிப்பு நிற்கும், தசைக்கு ஆக்சிஜன் தேவை வெகுவாகக் குறையும். அந்த நேரம் உடலுக்கு ரத்தம் அனுப்புவது இயந்திரம். வேலை முடிந்து ரத்தம் மறுபடி பாய்ந்ததும் கரைசல் கழுவப்பட்டுத் துடிப்பு திரும்பும். சிலருக்கு ஒரு ஷாக் தேவைப்படும். இந்தக் கரைசலில் செயின்ட் தாமஸ் என்ற வகையை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுப்பார்களாம். டெல் நிடோ என்ற இன்னொரு வகை என்றால் ஒரே டோஸ் சுமார் 90 நிமிடம் தாங்குமாம்.

அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கொஞ்சம் அதிகம். பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தானே, அதுதான் என் பயம். இப்படிச் சிறுநீரகப் பிரச்சினையோடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களோ, பெர்ஃப்யூஷனிஸ்டாக (ஆபரேஷனில் அந்த இயந்திரத்தை இயக்குபவர்) வேலை செய்பவர்களோ இருந்தால், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கும் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர் யாராவது அப்பாவிடம் போனில் ஐந்து நிமிடம் பேச முடியுமா? நான் சொன்னால் அவர் மனசு சமாதானம் ஆகவில்லை.