பத்தாம் தரப் பிள்ளையை எழுத்தில் எதுவும் தராமல் வீட்டில் இருத்தலாமா?

ஆசிரியர்கள், கல்வி நிர்வாகத்தில் வேலை செய்தவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் திருகோணமலை உப்புவெளிப் பக்கம், மகன் டவுனில் ஒரு பாடசாலையில் பத்தாம் தரம். போன மாதம் இடைவேளையில் நடந்த சண்டையில் இன்னொரு பிள்ளையைக் கதிரையால் அடித்துவிட்டான், அந்தப் பிள்ளைக்கு நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. அது பாரதூரமான விஷயம்தான், தண்டனை வேண்டாமென்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், மருத்துவச் செலவையும் கொடுத்தோம்.

ஆனால் அன்றிலிருந்து "அனுப்ப வேண்டாம்" என்று வாயால் மட்டுமே சொல்கிறார்கள். விசாரணை நடந்ததா, எத்தனை நாள் தடை, ஒன்றும் தெரியாது. விடுகைப் பத்திரத்தை நீங்களாகவே கேட்டு எழுதித் தாருங்கள் என்கிறார் அதிபர். அதை எழுதினால் நாங்களே விலகினோம் என்றல்லவா ஆகும்?

அதிபருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், பதில் இல்லை. கல்வி அலுவலகத்தில் பாடசாலையோடு பேசுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும் அழைத்து முறைப்பாடு பதிந்திருக்கிறேன். வேறு பாடசாலைகளில் விடுகைப் பத்திரம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். மகனுக்கு இன்னும் 16 ஆகவில்லை, கட்டாயக் கல்வி வயது. அடுத்த வருடம் சாதாரண தரம், கணிதமும் விஞ்ஞானமும் கையைவிட்டுப் போகின்றன.

பாடசாலை ஒழுக்கம் பற்றி 2016 இல் கல்வி அமைச்சிடமிருந்து வந்த 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையைக் காட்டி, எழுத்து மூலமான முடிவை யாரிடம், எப்படிக் கேட்டு வாங்குவது?